எருமை வீட்டுக் கரண்ட் பில்

ஒரு காட்டில் கரண்ட் வந்த புதிது. ஏரிக்கரையில் இருந்த மரநிழல் கொட்டகைகளில் வெள்ளைப் பசுக்கள் குடியிருந்தன. மொட்டைப் பாறைமேல் இருந்த தகரக் கொட்டகைகளில் எருமைகள் வெந்துகொண்டிருந்தன. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கொக்குத் தரகர் வீடு காட்டினால் அது பாட்டுக்கு அப்படி அமைந்துவிடும்.

பேச்சியம்மாள் என்ற எருமை சித்திரை வெயிலில் கன்று ஈன்றாள். தகரத்தின் சூட்டில் கன்று நாக்கைத் தொங்கப் போட்டுவிட்டது. பதறிப்போய் ராப்பகலாக ஃபேனை ஓடவிட்டாள். பசுக்களுக்கு வந்ததைப் போல மூன்று மடங்கு பில் வந்தது. கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்குவார்களாம்.

கொக்கிடம் ஓடினாள். "ஐயா, கரையில ஒரு கொட்டகை காலியாத்தானே கெடக்கு? அதக் குடுங்க, எம்புள்ள பொழச்சுக்கும்."

"அங்க சைவம் மட்டுந்தாம்மா," என்றது கொக்கு. வாயில் கெண்டை துடித்துக்கொண்டிருந்ததால் பேச்சு கொஞ்சம் குழறியது.

"நான் வைக்கோலத் தவிர என்னத்தய்யா தின்னேன்?"

கொக்கு கெண்டையை விழுங்கியது. "சைவம்னா சாப்பாடு மட்டுமா? பார்த்தாலே தெரிய வேணாமா?"

அடுத்து மின்சார ஆபீஸ். அதிகாரி ஆந்தை பகல் தூக்கத்தில் இருந்தார். "எல்லாருக்கும் ஒரே ரேட்டும்மா. மீட்டருக்குக் கண்ணே கிடையாது," என்றார், கண்ணைத் திறக்காமலே.

"மீட்டருக்கு இல்ல சார். வீடு காட்டுறவருக்கு இருக்கே!"

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல. சிக்கனமா இருக்கப் பழகுங்க. பசுக்களப் பாருங்க, ஃபேனே போடுறதில்ல."

மறுநாள் ஃபியூஸ் போனது. கன்றுக்கு மூச்சு இரைத்தது. இனி யாரிடமும் கேட்பதில்லை என்று பேச்சியம்மாள் கன்றை முட்டித் தள்ளிக்கொண்டு நேரே ஏரிக்குள் இறங்கினாள். பின்னாலேயே மற்ற எருமைகளும் இறங்கின. சேற்றுத் தண்ணீரில் நனைந்து எழுந்த கன்று முதல் வேலையாகப் பால் கேட்டது. பேச்சியம்மாள் சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

அந்த மாதம் எருமைகளுக்குக் கரண்ட் செலவே இல்லை. ஆந்தை அதிகாரி ஏரிக்கே வந்தார். பாராட்டத்தான் வருகிறார் என்று பேச்சியம்மாள் மரியாதையாக எழுந்து நின்றாள். அவர் அவளுடைய கொம்பில் ஒரு புது மீட்டரை மாட்டினார்.

"குளிர்ச்சிக் கட்டணம்மா."

"ஏன் சார், பசுக்களும் இதே ஏரிக் காத்தத்தானே வாங்குதுங்க?"

"அவங்க இங்க குடியிருக்காங்க. நீங்கதான் ஏரிய உபயோகிக்கிறீங்க."

நீதி: மின்கட்டணத்தைக் குறைக்கச் சிறந்த வழி, வெள்ளையாகப் பிறப்பது. அந்த வசதி இல்லாதவர்கள் அறையை விட்டு வெளியேறும்போது மறக்காமல் ஃபேனை நிறுத்தவும்.