பெரட்டு மாமாவும் பஸ்ஸில் வந்த கூறையும்

மாத்தளை மாவட்டத்தில் ஒழுங்காக நடந்து முடிந்த கல்யாணங்களுக்கெல்லாம் ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பெரட்டு மாமா. ஒழுங்கில்லாமல் நடந்தவற்றில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவர் காரணம். அது என்னுடைய கல்யாணம்.

பெரட்டு என்றால், தோட்டத்தில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுப்பது. இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் மாமா முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து அதைத்தான் செய்தார். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், கழுத்தில் விசில் இருக்கிறது, ஓடி வர ஆள் இல்லை. மனிதர் சும்மா இருப்பாரா? கல்யாண வீடுகளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு வீட்டில் வைத்த பேர் என்னவென்று எனக்கு இன்று வரை தெரியாது. எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட ‘பெரட்டு மாமா’ என்றுதான் அச்சடித்தோம்.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் விசில் சத்தம் கேட்கும். சமையல்காரரிலிருந்து மணப்பெண்ணின் தோழி வரை எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுப்பார். அதற்கு அவர் வைத்த பேர் ‘செக்ரோல்’. தோட்டத்தில் யார் வேலைக்கு வந்தார்கள் என்று குறிக்கிற புத்தகத்தின் பேர் அது. கல்யாணத்துக்கு ஒரு பக்கம்.

“வாழ எல?”

“ஆஜர் மாமா!”

“தண்ணி டாங்கி?”

“ஆஜர்!”

“மாப்பிள்ளைத் தோழன்?”

“அவரு இன்னும் தூங்குறாருங்க.”

“அவனுக்கு அரப் பேரு!”

தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் முழுப் பேர், பாதியில் போனால் அரைப் பேர். மாமா அதைக் கல்யாணத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். எனக்குத் தெரிந்து அரைப் பேர் வாங்கிய மாப்பிள்ளைகளே இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் சவரம் செய்ய மறந்தவர். இன்னொருவர் மணவறையில் உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தவர். இரண்டு பேரும் இன்றும் மாமாவைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு மாறிவிடுகிறார்கள்.

அவருடைய சட்டதிட்டங்களை, இந்த வருடம் கல்யாணம் வைத்திருக்கும் வாசகர்கள் கத்தரித்து அலமாரிக் கதவில் ஒட்டிக்கொள்ளலாம். பெண்ணும் மாப்பிள்ளையும் காலையில் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். பசியோடு எடுத்த போட்டோவில் இரண்டு பேரும் பொலிஸில் முறைப்பாடு கொடுக்க வந்தவர்கள் போலத் தெரிவார்கள். புதுச் செருப்பை மூன்று நாள் முன்பே வீட்டுக்குள் போட்டு நடந்து பழக வேண்டும். வேட்டி கட்டுவதற்கு முன்பு பாத்ரூம் போய்விட வேண்டும், பின்பு அல்ல. எல்லாக் குடும்பத்திலும் கோபித்துக்கொண்டு போவதற்கென்றே ஒரு பெரியப்பா இருப்பார். அவருக்கு முதலிலேயே ஒரு பெரிய பொறுப்பைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரியப்பாவுக்கு மாமா கொடுத்த பொறுப்பு, வாசலில் நின்று மழை வருகிறதா என்று பார்ப்பது. மனிதர் சாயங்காலம் வரை வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபிக்க அவருக்கு நேரம் ஏது?

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. “கேட்டதுக்கு டிக் போடக் கூடாது. கண்ணால பாத்ததுக்கு மட்டும்தான் டிக்.”

வஹகோட்டையில் ஒரு கத்தோலிக்கக் கல்யாணத்தில் பெண்ணின் கார் ஏழு நிமிடம் பிந்திவிட்டது. பொறுக்காமல் மாமா வாசலில் நின்று விசில் ஊத, உள்ளே இருந்த பாட்டுக் குழு அதைத் தங்களுக்கான சைகை என்று நினைத்து, பெண் இல்லாமலேயே வரவேற்புப் பாட்டை முழுதாகப் பாடி முடித்துவிட்டது. மாத்தளை டவுனில் ‘நானா’, அதாவது அண்ணன், என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் நண்பர் வீட்டு நிக்காஹ்வுக்குப் போனவர், அது கால் மணி நேரத்தில் முடிந்ததைப் பார்த்து இடிந்து போனார்.

“இவ்வளவுதானா நானா? நான் செய்றதுக்கு ஒண்ணுமே இல்லியே!”

“ஏன் இல்ல? ஒரு சஹனுக்கு ஆறு பேர் குந்தணும். எண்ணிப் பாருங்க.”

ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய சோற்றுத் தட்டுதான் சஹன். ஒரு சஹனில் ஐந்து பேரைக் கண்டதும் மாமா விசிலை எடுத்தார். ஊதுவதற்குள் அவரையே ஆறாவது ஆளாக இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் தனக்குத் தானே முழுப் பேர் போட்டுக்கொண்டார்.

இனி என் கதை. பெண் வீடு மாத்தளை டவுன். என் மாமியார் ரொம்ப நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று எங்கள் பஸ் நாற்பது நிமிடம் பிந்தியதும் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

“தோட்டத்து ஆளுங்களுக்கு எப்பங்க நேரம் தெரிஞ்சிச்சு?”

மாமா அன்று சாப்பாட்டில் கை வைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“முப்பது வருசமா ஒரு நிமிசம் பிந்தாம பெரட்டு பிடிச்சவன்டா நான். மழையிலயும் பனியிலயும் நம்ம ஆளுங்க நேரத்துக்கு வந்து நின்னாங்க. நம்மளப் பாத்து இந்தப் பேச்சா? ஒன் கல்யாணத்துல ஒரு குண்டூசி பிந்தட்டும், அதோட நான் இந்த விசிலக் கழட்டிடுறேன்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது.

கல்யாணத்தன்று எங்கள் பஸ் அரை மணி நேரம் முன்கூட்டியே மண்டபத்துக்கு வந்தது. மாமா ஆறு மணியிலிருந்து அங்கேயே நின்று, போனிலேயே எங்களைப் பெரட்டு பிடித்துக் கிளப்பியிருந்தார். மாமியார் வாசலில் வந்து, “அடேங்கப்பா, நேரத்துக்கே வந்துட்டீங்களே!” என்றார். மாமாவின் நெஞ்சு இரண்டு அங்குலம் அகன்றது.

எட்டே முக்காலுக்கு ஐயர் கூப்பிட்டார். “கூறைத் தட்டைக் கொண்டாங்கோ.”

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற கூறைச் சேலையைப் பெரியவர்கள் தொட்டு ஆசீர்வதிக்க வேண்டும். பெண் அதை உடுத்திக்கொண்டு வந்த பிறகுதான் தாலி. எங்கள் தட்டில் வாழைப்பழம் இருந்தது, தேங்காய் இருந்தது, கண்ணாடி சீப்பு இருந்தது. சேலை இல்லை. அம்மா அது அத்தையிடம் இருக்கிறது என்றும், அத்தை அது அம்மாவிடம் இருக்கிறது என்றும் நினைத்திருந்தார்கள்.

மாமா செக்ரோலைத் திறந்தார். ‘கூறை’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அழகான ஒரு டிக். அவர் மெல்லத் திரும்பி என் சித்தப்பாவைப் பார்த்தார்.

காலையில் நடந்தது இதுதான். மாமா எங்கள் வீட்டுக்குப் போன் போட, அம்மாவின் போனைச் சித்தப்பா எடுத்திருக்கிறார். எங்கள் வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டுப் பந்தல் கட்டியிருந்தோம். அதற்குப் பொறுப்பு சித்தப்பா. முதல் நாள் காற்றும் மழையும் அடித்ததால் அவருக்கு வேறு நினைப்பே இல்லை.

“கூற பத்திரமா இருக்கா?”

“பத்திரமா இருக்குங்க மாமா. ஒரு சொட்டுத் தண்ணி படல.”

“எங்க இருக்கு?”

“எங்க இருக்கும்? மேலதான். நானே ஏறிப் பாத்துட்டேன்.”

அலமாரிக்கு மேல் என்று நினைத்து மாமா டிக் போட்டுவிட்டார். சேலைக்கு ‘ற’ குடும்பத்து எழுத்து, தகரத்துக்கு ‘ர’ குடும்பத்து எழுத்து. கொப்பியில் பார்த்தால் யாருக்கும் தெரியும். போனில் கேட்டால் தமிழ் வாத்தியாருக்கும் தெரியாது.

“நீங்க கூரைன்னுதானேங்க கேட்டீங்க?” என்றார் சித்தப்பா, அழுகிற குரலில்.

முகூர்த்தம் பத்து இருபதோடு முடிகிறது. வேனை மேலே அனுப்பித் திரும்பக் கொண்டுவர நேரம் பத்தாது. மேலேயிருந்து ஒரு த்ரீவீலில் அனுப்பச் சொல்லலாம் என்றால், தோட்டத்தில் உள்ள அத்தனை த்ரீவீலும் எங்கள் கல்யாணத்துக்கு வந்து மண்டப வாசலில் வரிசையாக நிற்கின்றன. சேலையை வீட்டு அலமாரிக்கு மேல் வைத்தது அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா உடனே, கால் வலியால் கல்யாணத்துக்கு வராமல் இருந்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டார். “நம்ம வீட்டு அலமாரிக்கு மேல சேல இருக்கு. எடுத்துக்கிட்டு ஒம்போது மணி பஸ்ஸுக்கு ரோட்டுக்கு எறங்கும்மா. சேலன்னா சேல. கட்டுற சேல!” அடுத்து அந்த பஸ்ஸின் கண்டக்டருக்குப் போன். அவர் தங்கச்சி கல்யாணத்தையும் மாமாதான் பெரட்டு பிடித்தவர். சிங்களத்தில் இரண்டு நிமிடம் பேச்சு, காரியம் முடிந்தது.

அதற்குப் பிறகு மாமா செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. விசிலைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நேரே மணப்பெண் அறை வாசலுக்குப் போய், என் மாமியார் முன்னால் நின்றார்.

“கூற வீட்டுலயே தங்கிருச்சும்மா. பஸ்ஸுல வருது. தப்பு என்னோடது. எங்க ஆளுங்க யாரையும் ஒண்ணும் சொல்லிறாதீங்க.”

மாமியார் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் இரண்டு அடி பின்னால் போனேன். அதற்குள் அறைக்குள்ளிருந்து என் மனைவியாகப் போகிறவளின் குரல் கேட்டது.

“மாமா, அப்ப பஸ் வார வரைக்கும் நான் சாப்பிடலாம்தானே?”

தாலி ஏறும் வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது என்று தன் அம்மா சொன்னதைக் கேட்டு, தர்ஷினி விடியலிலிருந்து பட்டினி கிடந்திருக்கிறாள். மாமா மாமியாரைப் பார்த்தார். மாமியார் மகளைப் பார்த்தார்.

“என்னத்தச் செய்ய? சேல எப்படியும் மாத்தத்தானே போறா. சாம்பார் பட்டாலும் பரவாயில்ல” என்றார்.

மாமாவே ஓடிப் போய் இரண்டு இட்லியும் ஒரு வடையும் வாங்கி வந்து கொடுத்தார்.

ஒன்பது ஐம்பதுக்கு இரத்தோட்டை பஸ் மண்டபத்துக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே பஸ் நிற்கிற ஹோல்ட்டே கிடையாது. பஸ்ஸில் ஆட்கள் மிதிபலகை வரை நிற்கிறார்கள்; ஆனால் டிரைவருக்குப் பின்னால் மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட்டில் எங்கள் கூறை மட்டும் ஒரு சிலுசிலு பிளாஸ்டிக் பையில் தனியாக உட்கார்ந்து வந்திருக்கிறது. “மனமாலிகே சாரிய!” என்று கண்டக்டர் கத்த, மணப்பெண்ணின் சேலை என்று தெரிந்ததும் முழு பஸ்ஸும் கை தட்டியது. ஜன்னல் வழியே ஓர் அம்மா எட்டிப் பார்த்து, மணமகள் எங்கே என்று கேட்டார். சாப்பிடுகிறாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

பத்து பதினைந்துக்குத் தாலி கட்டினேன். ஐந்து நிமிடம் மிச்சம். எங்களைப் பொறுத்தவரை அது வெற்றி. அதற்குப் பிறகு மாமா எந்தக் கல்யாணத்துக்கும் விசிலோடு வரவில்லை. கேட்டால், “முழங்கால் வலிடா” என்பார். நாங்களும் நம்பிவிட்டோம்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் தர்ஷினியின் தங்கை கல்யாணப் பத்திரிகையோடு மாமா வீட்டுக்குப் போனோம். “நீங்கதான் மாமா பெரட்டு பிடிக்கணும்னு அம்மா சொல்லி அனுப்பினாங்க” என்றாள் தர்ஷினி. மாமா முழங்காலைத் தடவினார். அவள் விடாமல் அலமாரியிலிருந்து அந்தக் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். கடைசியாக எழுதிய பக்கம் எங்களுடையது. அதற்குப் பிறகு எல்லாம் வெறும் தாள். எங்கள் பக்கத்தில் அம்மாவுக்கு முழுப் பேர், கண்டக்டருக்கு முழுப் பேர், சித்தப்பாவுக்குக்கூட முழுப் பேர். கடைசி வரியில் ‘நான்’ என்று எழுதி, எதிரே அரைப் பேர் போட்டிருந்தார்.

“என்ன மாமா இது?”

“கேட்டதுக்கு டிக் போட்டுட்டேனேம்மா.”

தர்ஷினி என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினாள். மாமா பதறிவிட்டார். “செக்ரோல்ல வெட்டி எழுதக் கூடாதும்மா. தோட்டத்துத் தொர கையெழுத்து வைக்கணும்!”

“எங்க கல்யாணத்துக்கு நான்தான் மாமா தொர. அன்னைக்கு நீங்க குடுத்த ரெண்டு இட்லியாலதான் ஒரு போட்டோ விடாம எல்லாத்துலயும் நான் சிரிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அரையை வெட்டி, முழுப் பேர் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். மாமா கொப்பியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். எட்டு வருடமாக இந்த மனிதரின் முழங்காலை நம்பிக்கொண்டிருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

தேத்தண்ணி போடப் போயிருக்கிறார் என்று நினைத்தோம். அறைக்குள்ளிருந்து விசில் கேட்டது. முதலில் வெறும் காற்று, பிறகு தொண்டையைச் செருமுவது போல ஒரு கரகரப்பு, பிறகு அந்தப் பழைய சத்தம்.

நானும் தர்ஷினியும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

“ஆஜர் மாமா!”