எலுமிச்சம்பழம் காட்டிய நாலு போர்ஷன்

செய்யாற்றில் கம்பெனிகள் வந்து இறங்கிய வருஷம், ஆரணியில் பாதிப் பேருக்கு வாடகை ஜுரம் பிடித்தது. எந்த ஊரில் நாலு போர்ஷன் வீடு வாங்கிப் போட்டால் ஆள் குடிவரும்? இதைச் சொல்லவென்றே ஒருவர் அவதரித்தார்: வாடகைச் சித்தர்! மேஜைமேல் தரைவரை தொங்கும் பட்டுத்துணி, அதன்மேல் தமிழ்நாட்டு வரைபடம், நடுவில் எலுமிச்சம்பழம். மந்திரம் சொல்லித் தட்டிவிட்டால் பழம் உருண்டுபோய் ஊரைக் காட்டும். கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது.

பழம் எல்லாருக்கும் தெள்ளாரைத்தான் காட்டியது. அங்கே ஒரு பொட்டலில் சித்தரின் மச்சான் வரிசையாக வீடு கட்டி வைத்திருந்தார். என்னே தெய்வச் செயல்!

நெசவுக்காரி கற்பகமும் கூட்டத்தில் இருந்தாள். இரண்டு தறிகளையும் விற்ற பணம் கணவன் வேலுவின் மடியில் இருந்தது. அதுவும் போனால் இருவருக்கும் தெருதான்.

"இன்னாங்க, நேத்து அந்த வூடுங்கள போய்ப் பாத்துட்டு வந்தேன். பன்னெண்டு போர்ஷனும் காலி. ஒரு ஆடுதான் குடி இருக்குது. செய்யாறுல கம்பெனி பஸ் நிக்கிற எடத்துல, பசங்க வூடு கெடைக்காம அலைஞ்சிகினு இருக்குறாங்க."

"சும்மா இரு. பழத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?" வேலு மடியை அவிழ்த்தான்.

கற்பகம் விறுவிறுவென்று மேடை ஏறினாள். வரைபடத்தை மட்டும் கால் சுற்றுத் திருப்பி வைத்தாள்.

"இப்ப உருட்டுங்க சாமி."

"வேணாம்மா, பழம் கோச்சிக்கும்."

"உருட்டுங்க சாமி!" என்று கூட்டம் கத்தியது. பக்தர்கள் கேட்டால் மறுக்க முடியுமா? பழம் உருண்டு மேஜையின் அதே மூலையில் போய் நின்றது. இப்போது அங்கே இருந்தது ராமேஸ்வரத்துக்கு அப்பால் நடுக்கடல்.

மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. வேலுதான் முதலில் சுதாரித்தான். "சாமி, அங்க தண்ணிப் பிரச்சனை இருக்காதுல்ல?"

"அறவே இருக்காது" என்றார் சித்தர். இரண்டு பேர் அட்வான்ஸை வெளியே எடுத்துவிட்டார்கள்!

கற்பகத்துக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மேஜையைக் கவிழ்த்தாள். பலகைக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தம் கட்டியிருந்தது. பழத்தைப் பிளந்தாள். உள்ளே இரும்பு ஆணி.

சித்தர் பின்வாசலைத் தேடினார். வேலு மடியை இறுக்கி முடிந்துகொண்டு தலைகுனிந்து நின்றான்.

"ஒரு இழையைக் கொளுத்தி மோந்து பாத்துதானே பட்டு அசலான்னு சொல்ற ஊரு இது?" என்றாள் கற்பகம். "வூடு வாங்கும்போது மட்டும் மூக்கையும் மூளையையும் எங்க கழட்டி வெச்சிட்டு வந்தீங்க?"