கொண்டுபோ அத்தை

உலகத்திலேயே தன் வீட்டைத் தானே கொள்ளையடித்த ஒரே மனுஷி என் மாமியாராகத்தான் இருக்க வேண்டும். இராஜபாளையத்தில் மற்றவர்கள் வீட்டில் ஒரு சாமான் காணாமல் போனால் திருடனைத் தேடுவார்கள். நாங்கள் அடுப்படிக்குப் போய் அத்தையைக் கேட்போம். “அதுவா? பாவம், அவகிட்ட இல்லைன்னா” என்று பதில் வரும்.

அவருடைய பெயர் தபால்காரருக்கே தெரியாது. தெருவுக்கு அவர் ‘கொண்டுபோ அத்தை’. யாராவது எங்கள் வீட்டுப் பொருள் ஒன்றை இரண்டு தடவை பார்த்தால் போதும், “கொண்டு போ ஏட்டி” என்று கையில் திணித்துவிடுவார். சின்ன வயதிலேயே கணவரை இழந்து, மாவு இடித்துக் கொடுத்து இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். அந்தக் கஷ்டத்தில் தனக்கு ஒருத்தரும் ஒன்றும் கொடுக்கவில்லை, அதனால்தான் எல்லாருக்கும் கொடுக்கிறார் என்று பஞ்சாலைக் கிளார்க்கான என் வீட்டுக்காரர் விளக்கம் சொல்வார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. போனதெல்லாம் என் சாமான்.

மில் வேலை தேடி வந்த ஒரு குடும்பம் பக்கத்துச் சந்தில் குடிசை போட்டது. வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு கதவில்லாமல் இருக்கிறேனே என்று அந்த அம்மாள் அழுதாள். அன்று மத்தியானமே எங்கள் அடுப்படிப் பின்கதவைக் கழற்றி அனுப்பிவிட்டார் அத்தை. சாயங்காலம் தெருநாய் உள்ளே வந்து மீன்குழம்பைச் சட்டியோடு உருட்டியது.

“அத்தை, நாயி! நாயி!” என்று கத்துகிறேன்.

“பசிச்சுத்தான வந்திருக்கு, விடு ஏட்டி” என்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலில் ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறந்தேன். முன்வரிசையில் என் கல்யாணப் பட்டு உட்கார்ந்திருந்தது. அதற்குள் பால்காரர் மகள் இருந்தாள். பாட்டு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அவள் என்னையே திரும்பிக் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் சண்டைக்குப் போனேன்.

“அவளைப் பொண்ணு பாக்க வாராக. ஒனக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்ல?” என்றார் அத்தை.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் சிரித்திருப்பீர்கள். நானும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கப் பழகிக்கொண்டேன். அடுத்ததற்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை.

அத்தையின் மகள் எஸ்தர் மதினி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். பத்து வருஷமாகப் பிள்ளை இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர் என் சின்ன மகள் லில்லியைத் தூக்கினார். இறக்கவே இல்லை. லில்லிக்கு அப்போது எட்டு மாதம். மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, “கொண்டு போ ஏட்டி” என்றார். விளையாட்டு என்று நினைத்து நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் எடுத்துவிட்டு வந்தால் தொட்டில் ஆடாமல் நின்றது. என் வீட்டுக்காரரே மதினியையும் பிள்ளையையும் பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தார்.

“அம்மா சொன்னப்ப நீ சிரிச்சியே” என்றார்.

அத்தையிடம் ஓடினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “ஒனக்குத்தான் இன்னொண்ணு இருக்குல்ல?”

பட்டுச்சேலைக்குச் சொன்ன அதே வார்த்தை.

கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் அக்கா செத்தே போவாள் என்று என் வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார். நான் அழவில்லை. சமைத்தேன், பரிமாறினேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு நாள் அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பால் கட்டி, ரவிக்கை முழுக்க நனைந்து, சேலையிலும் வடிந்துகொண்டிருந்தது. அத்தை அதைப் பார்த்தார். கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார். அப்படியே வெளியே போனார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதாம். ஆண்கள் தள்ளுவதற்கு இறங்க, அத்தையும் இறங்கி ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டார். பொழுது சாய்கையில் யாரோ ஒருவருடைய மாட்டுவண்டியில் பிள்ளையோடு வந்து இறங்கினார். லில்லியை என் மடியில் போட்டார். லில்லி என் முகத்தைப் பார்த்து வீறிட்டு, யாரையோ தேடிக் கதவுப் பக்கம் கையை நீட்டியது.

“குடுத்ததைப் பிடுங்க வந்திருக்கீகளே, நீங்க ஒரு தாயான்னு எஸ்தரு கேட்டா” என்றார் அத்தை. “நியாயந்தான?”

எஸ்தர் மதினி அதன்பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தை எதைக் கொடுப்பதென்றாலும் என்னைக் கேட்டார். “ஏட்டி, இந்தப் பழைய போர்வையைக் குடுக்கலாமா?” நான் வேண்டாம் என்பேன். “இந்தச் செம்பு?” வேண்டாம். வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னேன். கொடுக்க ஒன்றும் இல்லாமல் அவர் சுருங்கிப்போனதைப் பார்த்துக்கொண்டும் சொன்னேன். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. மறைக்கப் போவதில்லை.

யுத்தம் முடிந்த வருஷம் அத்தை படுத்துவிட்டார். நான்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். எஸ்தர் மதினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“மதினி, ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க. அவுக தாங்க மாட்டாக.”

எனக்குப் பின்னால் தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு, “பிள்ளை பள்ளிக்கூடம் போறாளா?” என்று கேட்டார்.

“போறா மதினி.”

“முடி நெறைய இருக்கா?”

“இருக்கு.”

தலையை ஆட்டினார். கதவைச் சாத்திக்கொண்டார்.

திரும்பி வந்ததும் அத்தை கண்ணைத் திறந்தார். “வருதாளா?”

“வாராக அத்தை. பஸ் கெடைக்கல, அம்புட்டுதான்.”

“ஒனக்குப் பொய் சொல்லத் தெரியல ஏட்டி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

தெரு கொள்ளாத கூட்டம். பாதிப் பேர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மட்டும் யாரும் வரவில்லை. மகள் வராததால் குளிப்பாட்டித் தலைவாரிவிடும் வேலை எனக்கு வந்தது. பல நாள் படுக்கையில் கிடந்த தலை, ஒரே சிக்கு. வெளியே அவசரப்படுத்தினார்கள். நான் காதில் வாங்கவில்லை. அவருக்கு வலித்துவிடுமோ என்று ஒவ்வொரு இழையாக, மெதுவாகத்தான் எடுத்தேன்.