ஒற்றைக்கை அண்ணையும் என் ஹேர் ட்ரையரும்

இரண்டு கையும் கல்லுப்போல இருந்தும் ஒரே கையால் வாழ்ந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்கு வீட்டு ஓனராக வாய்த்தது என் ஜாதகம்.

சென்னையிலிருந்து மொன்ட்ரியாலுக்கு வேலைக்கு வந்து, ரொக்ஸ்பரோவில் அவர் வீட்டு பேஸ்மென்டில் குடியேறினேன். அந்தக் குளிர்காலத்தில், அண்ணையும் அவர் மனைவி அக்காவும் வேலை பார்த்த டெப்பனூருக்குள், அதாவது தெருமுனைக் கடைக்குள், ஒருவன் கத்தியோடு நுழைந்தான். அக்காவைத் தள்ளிவிட்டுக் கல்லாவை வழித்துக்கொண்டு ஓடினான். அண்ணை இரண்டு கையிலும் பால் பெட்டியைத் தாங்கியபடி நின்றார். அதைக் கீழே வைக்கலாம் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அக்கா வாசல்படி தாண்டவில்லை. அண்ணையோ, இனி வலது கையில் எதையும் தூக்குவதில்லை என்று சபதம் போட்டார். அது துப்பாக்கிக்கான கையாம்.

"அண்ணே, இந்த ஊர்ல அதெல்லாம் இடுப்புல சொருகிட்டு நடக்க முடியாது. உள்ள தூக்கி வெச்சிருவாங்க."

"சட்டம் பேந்து மாறும் தம்பி. பழக்கம் இப்பவே வேணும்."

பழக்கமா அது? புட்டை இடது கையால் சாப்பிட்டார். கோயிலில் சிலுவை அடையாளத்தையும் இடது கையால் போட்டார். சாமியார் முறைத்தபோது, "வலது கை டியூட்டியில நிக்குது, ஃபாதர்" என்றார். வீட்டிலிருந்தபடி அதைக் கேள்விப்பட்ட அக்காவுக்கு மானம் போயிற்று.

அதன்பின் துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றில் சேரப் போனார். எதற்காகப் பழக விரும்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்கு என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இவர் "கள்ளனைச் சுட" என்றாராம். வந்த வழியைக் காட்டிவிட்டார்கள்.

"உண்மை சொன்னவனுக்கு இடமில்லையெண்டா அது என்ன கிளப்?" என்று என்மேல் பாய்ந்தார். கிளப்பை நானா நடத்துகிறேன்?

மறுநாள் என் ஹேர் ட்ரையரைக் காணவில்லை. மேலே போய்ப் பார்த்தால், கண்ணாடி முன்னால் அண்ணை. வலது கையில் என் ஹேர் ட்ரையர். இடது கை ஓர் அரிசி மூட்டையை அணைத்திருந்தது.

"மூட்டை எதுக்கு?"

"அது அக்கா. கள்ளன் வந்தா ஒரு கை அக்காவைப் பிடிச்சிருக்கும். மற்றக் கையாலதான் சுட வேணும்."

"இஞ்சருங்கோ, நான் அரிசி மூட்டையோ?" என்று சமையலறையிலிருந்து அக்கா கத்தினார்.

குண்டு மாற்றுவதையும் ஒரே கையால் பழகினார். ஹேர் ட்ரையரை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குனிவார். மூட்டை சரியும். அரிசி அறையெங்கும் சிதறும். தலை ஈரமாகவே நான் வேலைக்குப் போவேன். பஸ் வருவதற்குள் முடி ஐஸாகிவிடும். "குடுத்துடுங்க அண்ணே" என்று கெஞ்சினால், "உனக்கு உயிர் பெரிசோ, மயிர் பெரிசோ?" என்பார். என் பொருளை எடுத்துவிட்டு எனக்கே உபதேசம்!

கடைசியில் ஒருநாள், கெஞ்சிக் கூத்தாடி, அக்காவைக் கடைவரை நடக்கச் சம்மதிக்க வைத்தார். நானும் கூடப் போனேன். பாதி வழியில் பின்னால் யாரோ தடதடவென்று ஓடி வரும் சத்தம். அக்கா அண்ணையின் இடது கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அண்ணையின் வலது கை கோட்டுக்குள் பாய்ந்தது. ஜிப் சிக்கியது. அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் இன்னொரு ஸ்வெட்டர். இவர் எடுத்து முடிக்கும்வரை கள்ளன் காபி குடித்துக் காத்திருக்க வேண்டும். ஒருவழியாக வெளியே வந்தது என் ஹேர் ட்ரையர்! வயர் தொங்க, நடுத்தெருவில்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"மதாம்!" என்றான் வந்தவன். அக்கா தவறவிட்ட கையுறையை நீட்டினான்.

பதறித் திரும்பிய அக்காவுக்கு ஐஸில் கால் வழுக்கியது. அண்ணை ஹேர் ட்ரையரைத் தூக்கி எறிந்துவிட்டு அவரை இரண்டு கையாலும் பிடித்தார். அது ரோட்டில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"விடுங்கோ, எல்லாரும் பாக்கினம்" என்றார் அக்கா. பல நாளைக்குப் பிறகு சிரித்தார். அண்ணை விடவில்லை. கடை வாசல்வரை அப்படியே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனார்.

அக்கா இப்போது தினமும் கடைக்குப் போகிறார். அண்ணை வலது கையால் புட்டு சாப்பிடுகிறார். ஹேர் ட்ரையருக்கு இன்றுவரை ஒரு மன்னிப்புக்கூடக் கிடையாது. அந்த வீட்டுக்குள் இன்னொரு துப்பாக்கி வேண்டாம் என்று நானும் வேறு வாங்கவில்லை. முடி ஐஸானால் ஆகட்டும்.