சக்களத்தியைத் தூங்கவைத்த ஞாயிற்றுக்கிழமை

கண்ணாடிக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். பத்து மாசம். கார் ஒரு கிலோமீட்டர்கூட ஓடக்கூடாது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பேர். லென்ஸ் அறுக்கிற புது மிஷினைப் பழகிக்கொண்டு வர வெளிநாட்டுக்குப் போகிறார்; புதன்கிழமை மத்தியானம் விமானம். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டாயிற்று. பெண்டாட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவையில்லை, அவள் நாலு ஊரைப் பார்த்துக்கொள்வாள். அவருடைய கவலையெல்லாம் ஷெட்டில் நிற்கிற சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றித்தான். பழைய மாடல், இரண்டே சீட்டு. கிளப்பினால் பக்கத்துத் தெரு நாய்கூட எழுந்து நிற்கும். அதை அவர் துடைக்கிற துடைப்பைப் பார்த்துவிட்டு அவள் அதற்கு வைத்த பேர், சக்களத்தி.

அந்தக் காரை அவள் ஓட்டிவிடக்கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பாருங்கள், அவள் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு கிளச் எது, பிரேக் எது என்று அறிமுகம் செய்துவைத்தவள். கண்ணாடிக்காரரும் அவளிடம்தான் படித்தார். மூன்று தடவை பெயில், கல்யாணத்துக்கு அப்புறம் நாலாவது தடவைதான் பாஸ். “பாவம் மனுஷன், லைசென்ஸ்தான் கிடைக்கல, பெண்டாட்டியாவது கிடைக்கட்டும்னு அக்கா இரக்கப்பட்டுட்டா” என்று மச்சினன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அது முழுப் பொய் என்று மறுக்கவும் முடியவில்லை. சமையல்கட்டிலிருந்து சட்டை நிறம்வரை அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சிவப்புக் காரில் உட்காரும்போது மட்டும்தான் தானும் ஒரு ஆம்பிளை என்று அவருக்கு ஞாபகம் வரும். அவள் ஒரே ஒரு தடவை அதை எடுத்து, ஒரு முக்குத் திருப்பத்தில் சர்ரென்று திருப்பிக் காட்டிவிட்டால் அந்த ஞாபகமும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிழிந்த பனியனோடு ஷெட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஒரு ஸ்டூலையும் டீ டம்ளரையும் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள்.

“என்னங்க பண்ணப்போறீங்க?”

“இவளைத் தூங்கவைக்கப்போறேன்.”

“தாலாட்டு நான் பாடணுமா?”

“கிண்டலா? இதெல்லாம் சயின்ஸு. சும்மா நிறுத்திட்டுப் போனா பத்து மாசத்துல காயலான் கடைக்குத்தான் போகும். பழைய ஆயில் உள்ளயே கிடந்தா இன்ஜினை அரிச்சிடும். அதனால புது ஆயில்.”

“அப்படியா!” என்று கண்ணை அகல விரித்தாள். இருபது வருஷமாக ஸ்கூல் வண்டிகளுக்கு நின்று ஆயில் மாற்றவைக்கிறவள், இன்றைக்குத்தான் ஆயில் என்ற வார்த்தையையே கேட்கிறவள்போல விரித்தாள். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

“பெட்ரோலை என்ன, காலி பண்ணிடுவீங்களா?”

“அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. டேங்க்ல இடம் விட்டா ஈரம் கோத்துக்கும், துரு ஏறும். கழுத்து முட்ட ரொப்பணும்.”

“ஐயையோ, அப்ப ரொப்பிடுங்க. டயருக்கு?”

“காத்து கம்மியா இருக்கவே கூடாது.”

“பேட்டரி?”

“கழட்டி ஹாலுக்குக் கொண்டுபோய் சார்ஜ்ல போட்டுடுவேன். எப்பவும் ஃபுல்லா இருக்கணும்.”

“எம்மாடி, எவ்வளவு விஷயம் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க!”

அந்த ஒரு ‘எம்மாடி’க்கு அவர் இன்னும் இரண்டு மணி நேரம் வேலை பார்த்தார். ஆயில் மாற்றினார். பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தார். கழுவி, துடைத்து, மெழுகு பூசி, மறுபடி துடைத்தார்.

“என்னைக்காவது என் முகத்தை இப்படித் துடைச்சுவிட்டிருக்கீங்களா?”

“உனக்கென்னம்மா, நீ பெயின்ட் உரியாத பாடி.”

அவள் அடுத்த ஸ்பேனரை எடுத்து நீட்டினாள். நாலு மூலையிலும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, சக்கரம் தரையில் படாமல் காரைத் தூக்கி நிறுத்தினார். புகை வருகிற குழாயில் எலி புகுந்துவிடாமல் ஒரு பழைய பனியனைத் திணித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இனி எந்தக் கொம்பனும் இதை எடுக்க முடியாது. சாவி என்கூட வருது.”

“பழைய வண்டிதானேங்க? ரெண்டு வயரை உரசினா கிளம்பிடாது?” என்று வெள்ளந்தியாகக் கேட்டாள். “சும்மா கேட்டேன். எனக்கு எதுக்கு அது?”

கண்ணாடிக்காரர் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். டீயைக் குடிக்காமல் யோசித்தார். ஷெட்டைச் சுற்றிச் சுற்றி வந்து யோசித்தார். சாயங்காலம் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு வெற்றிச் சிரிப்புக் கேட்டது. வெளியே வந்தவர் கையில் ஸ்டியரிங் வீல் இருந்தது. வண்டியிலிருந்து தனியாகக் கழன்று, வட்டமாக, முழுசாக இருந்தது.

“இதுவும் என்கூட ஃப்ளைட்ல வருது! இப்ப ஓட்டச் சொல்லு பாப்போம்!”

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ பெட்டியில் அதற்கு இடம் ஒதுக்கினாள். “சட்டையைச் சுத்தி வைங்க, கீறல் விழுந்துடப்போகுது” என்று கவலைப்பட்டாள். அவருக்கே மனசு கொஞ்சம் இளகிவிட்டது. சே, இவளைப் போயா சந்தேகப்பட்டோம் என்று படுக்கப்போனார்.

புதன்கிழமை காலை. போன வாரமே சொல்லிவைத்த டாக்சி வரவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. வேறு இரண்டு இடத்தில் கேட்டார். மாநாடாம், ஒரு வண்டியும் இல்லையாம்.

“உன் ஸ்கூல் கார் எங்கே?”

“அது நேத்தே மெக்கானிக்கிட்ட போயிடுச்சே. பசங்க மிதிச்ச மிதியில கிளச் போயிடுச்சு.”

“ஐயோ! பஸ்ல போனா?”

“ரெண்டு பஸ் மாறணும். நீங்க போய்ச் சேர்றப்ப ப்ளேன் அந்த ஊர்ல இறங்கியிருக்கும்.”

அவர் வாசலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியாக ஷெட்டைப் பார்த்தார். அவள் மட்டும் ஷெட்டுப் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏம்மா…” என்று இழுத்தார். “இவளையே எடுத்துட்டா என்ன?”

“நான் தொடமாட்டேன்ப்பா. உங்க வண்டி, உங்க இஷ்டம்.”

பிறகு பார்க்கவேண்டுமே! ஏர்போர்ட்டுக்குப் போக மடிப்புக் கலையாமல் போட்டிருந்த சட்டையோடு மனுஷன் காருக்கடியில் புரண்டார். ஸ்டாண்டுகளை உருவினார். பேட்டரியைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஓடிவந்து மாட்டினார். பெட்டியைத் திறந்து, பேன்ட் சட்டையெல்லாம் பறக்க, ஸ்டியரிங்கை எடுத்துத் தன் கையாலேயே முடுக்கினார். ‘நான் தொடமாட்டேன்’ என்றவள் சொன்ன சொல் தவறாமல் நின்று, “இன்னும் ஒரு சுத்து முடுக்குங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமிற்று, புகைக்குழாயிலிருந்த பனியன் பீரங்கிக் குண்டாகப் பாய்ந்து எதிர்வீட்டு வாசலில் விழுந்தது.

அவர்தான் ஓட்டினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் இருந்தாள்.

“ஏங்க, மூணாவது கியர்னு ஒண்ணு இருக்கு.”

“எனக்குத் தெரியும்.”

“சைக்கிள்காரர் ரொம்ப நேரமா வழி கேக்கறார், விட்டுடுங்க.”

பாதி வழியில்தான் அவருக்கு அது உறைத்தது. போகிறதென்னவோ அவர் ஓட்டிக்கொண்டு போகிறார். திரும்பி வருவது? பத்து மாசம் ஏர்போர்ட் வெயிலில் போட்டுவிட்டுப் போகமுடியுமா? பெண்டாட்டியைத் தெருவில் விட்டுவிட்டு ஸ்டியரிங்கைக் கழற்றிக்கொண்டு விமானம் ஏறமுடியுமா? இரண்டாவதை அவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தார்.

ஏர்போர்ட் வாசலில் இறங்கி, உள்ளங்கையிலிருந்து பிரிய மனசில்லாத சாவியை நீட்டினார். அழுகையே வந்துவிட்டது.

“நேரா வீட்டுக்குத்தான் போகணும். முப்பதுக்கு மேல போகக்கூடாது. போனதும் ஸ்டாண்டுல ஏத்திடு. ஸ்டியரிங்கை…”

“கழட்டி உங்களுக்குப் பார்சல் அனுப்பிடறேன். உடம்பைப் பாத்துக்கோங்க. போனதும் போன் பண்ணுங்க.”

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். அடுத்த நொடி, புது ஆயிலும் முட்ட முட்டப் பெட்ரோலுமாக, மெழுகு பளபளக்க, சக்களத்தி சர்ரென்று திரும்பிப் பறந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல, நெடுஞ்சாலைப் பக்கம்.

வரிசையில் நின்றுகொண்டே டாக்சிக்காரனைப் போனில் கூப்பிட்டார். இந்தத் தடவை எடுத்தான்.

“யோவ், காலையில ஏன்யா வரல? என் குடியைக் கெடுத்துட்டியே!”

“என்ன சார் இப்படிக் கேக்கறீங்க? போன வாரம் நீங்க புக் பண்ணின அன்னைக்கே மேடம் வேண்டாம்னு சொல்லிட்டாங்களே. நம்ம கார்லயே போறோம், அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை சாரை விட்டு சர்வீஸ் பண்ணவைக்கறேன்னாங்க. நல்லாப் பண்ணிட்டீங்களா சார்?”