நத்தார் வண்டியில் நேர்ந்த தவறு

பண்டிகை என்றால் என்ன என்பதை மனித குலம் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் பிழையாகவே விளங்கி வைத்திருந்தது. அதைத் திருத்தும் மாபெரும் பொறுப்பு கடந்த மார்கழியில் பனைமுனை நகரசபையின் தோளில் வந்து விழுந்தது. சபையும் அதைத் தட்டிக் கழிக்காமல் ஏற்றுக்கொண்டது. சபை வேறு எதையும் அப்படி ஏற்றுக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

நான் அந்தச் சபையின் ஊடகப் பிரிவு. பிரிவில் ஆள் நான் ஒருவன்தான். கிழமைக்கு ஒரு தடவை ‘பகுதிகளின் முன்னேற்ற அறிக்கை’ எழுதி முகநூலில் ஏற்றுவது என் கடமை. முன்னேற்றம் நடந்ததா என்று பார்ப்பது இன்னொருவரின் கடமை. அந்தப் பதவிக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை.

கிறிஸ்மஸ் பண்டிகையான நத்தாரை முன்னிட்டு மின்விளக்குப் பகுதி சந்தை முகப்பில் எழுநூறு வர்ண விளக்குகள் போட்டது. இணைப்பை வாசிகசாலை வீதித் தெருவிளக்குகளிலிருந்து எடுத்ததால், வாசிகசாலை வீதிக்கு ‘அமைதியான பண்டிகைச் சூழல்’ கிடைத்தது. நூலகப் பகுதி வாழ்த்து மடல் கண்காட்சி நடத்தியது; அதற்கு இடம் போதாமல் புத்தகங்களைச் சாக்கில் கட்டி உள்ளே வைத்தது. வடிகால் பகுதி, வெள்ளம் நிற்கும் இடங்களில் ‘இங்கே வெள்ளம் நிற்கும்’ என்று பலகை நாட்டியது. வெள்ளமும் சொற்கேட்டு அங்கேயே நின்றது.

இவை எல்லாவற்றுக்கும் முடிசூட்டியது கலி பவுசர். மலக்குழி நிரம்பினால் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும் தாங்கி வண்டிக்கு ஊரில் அதுதான் பெயர். ஐப்பசியில் புத்தம் புதிதாக வந்திறங்கியது. ஒரு நாளும் வேலைக்குப் போகாததால் அதில் ஒரு மணமும் கிடையாது. இந்தத் தூய்மைதான் சபைத் தலைவரான தவிசாளர் சோமசேகரத்தின் கண்ணில் பட்டது.

“நத்தார் ஊர்வலத்துக்கு ஒரு வாகனம் வேணும்,” என்றார் கூட்டத்தில். “குப்பை ஏத்துற உழவு மெசின் மணக்கும். உந்தப் பவுசர் சும்மாதானே நிக்குது.”

“அது மாரி மழைக்குக் குழியள் நிரம்புமெண்டு எடுத்ததல்லோ, ஐயா,” என்றார் சாரதி றோய். குருநகரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வந்துபோகும், நாற்பது வயதைத் தாண்டிய, அவசரப்படாத மனிதர்.

“மாரி ஒவ்வொரு வருசமும் வரும், றோய்.”

“நத்தாரும் அப்பிடித்தான், ஐயா.”

கூட்ட அறிக்கையில் இது ‘சாரதியும் ஆதரித்துப் பேசினார்’ என்று பதிவாகியது. எழுதியது நான்தான்.

பவுசருக்குச் சிவப்புத் துணி சுற்றினார்கள். தாங்கியின் மேல் பஞ்சால் பனி தூவினார்கள். முன்னுக்கு வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டிய இரண்டு மான்கள். உறிஞ்சு குழாய்க்குப் பொன்நிறச் சரிகைத் தாள். எங்கள் ஊரில் பனி பெய்வதில்லை, மழைதான் பெய்தது. பஞ்சு நனைந்து ஒழுகியதைப் பார்த்து, பனி உருகுவது போலவே இருக்கிறது என்று தவிசாளர் மகிழ்ந்தார். உச்சியில் ஒரு கதிரை வைத்து, நத்தார் தாத்தாவாகத் தானே இருப்பதாகவும் அறிவித்தார். நெற்றியில் திருநீறு இல்லாமல் வீட்டுப் படி இறங்காத மனிதர் தாடி ஒட்டச் சம்மதித்தாரே, சமய நல்லிணக்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

மார்கழி, அதாவது டிசம்பர், பதினெட்டாம் திகதி பியாட்றிஸ் ரீச்சர் சபைக் கந்தோருக்கு வந்தார். மிசன் பள்ளிக்கூடத்தில் முப்பத்துநாலு வருடம் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சேர்ச் ஒழுங்கையில் மகள் நிமலினியோடு இருக்கிறார். மழையில் நிலத்தடி நீர் ஏறி, அவர் வீட்டு மலக்குழி நிரம்பிவிட்டது; பவுசரை அனுப்பச் சொல்லி விண்ணப்பம் கொண்டுவந்திருந்தார்.

“நானும் நிமலினியும் ஒரு கிழமையா பக்கத்து வீட்டுக்குப் போய் வாறம்,” என்றார் தவிசாளரிடம். “நாளையிண்டைக்கு என்ரை அண்ணை ஜெபநேசன் கனடாவிலையிருந்து குடும்பத்தோடை வாறார். ஒன்பது பேர். ஒன்பது பேரையும் வரிசையிலை பக்கத்து வீட்டுக்கு அனுப்பேலுமோ?”

“ஏலாதுதான்,” என்றார் தவிசாளர் அனுதாபத்துடன்.

“அவர் கடைசியா வந்தது அம்மாவின்ரை செத்தவீட்டுக்கு. பதினேழு வருசம். இந்த முறை பிள்ளையள், பேரப்பிள்ளையளோடை இந்த வீட்டிலைதான் நத்தார் எண்டு நிக்கிறார். கக்கூசு இப்பிடிக் கிடந்தா ஹோட்டலுக்குப் போயிடுவினம். பிறகு இந்தப் படலை திறக்கமாட்டினம்.” ரீச்சர் குரலை உயர்த்தவில்லை. எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. பாவப்படுவதற்கென்று எங்கள் சபையில் ஒரு பகுதி இல்லாததால் கோப்பு ஒன்றைப் புரட்டினேன்.

“ரீச்சர், உங்கடை பெருநாளுக்கெண்டுதானே சோடிச்சு வைச்சிருக்கிறம். நீங்களே கழட்டச் சொல்லுறது வடிவில்லை,” என்றார் தவிசாளர்.

“அப்ப எப்ப கழட்டுவியள்?”

“தை ஆறிலை வாற மூவிராசாக்கள் திருநாள் முடிய. ஆனா உடனை பொங்கல். நத்தாருக்கு இருபது நாள் சோடிச்சா பொங்கலுக்கும் இருபது நாள் சோடிக்க வேணும். இல்லாட்டி எங்கடை ஆக்கள் கேப்பினம்.”

ரீச்சர் மனதுக்குள் கூட்டினார். “தை கடைசி. மாசியிலை சிவராத்திரியும் வருது.”

“நல்ல காலம் ஞாபகப்படுத்தினியள்,” என்று தவிசாளர் குறித்துக்கொண்டார்.

ரீச்சரின் விண்ணப்பத்தில் நான் ‘முன்னுரிமை’ என்று முத்திரை குத்திக் கோப்பில் வைத்தேன். அந்தக் கிழமை அறிக்கையில், ‘பண்டிகைக் காலத்தில் பொதுமக்கள் சபையை நாடி வருவது அதிகரித்துள்ளது’ என்று எழுதினேன்.

இருபதாம் திகதி ஒன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள். இருபத்தோராம் திகதி காலையிலிருந்து மூன்று தடவை யாழ்ப்பாணம் ‘பார்க்க’ வாடகை வான் பிடித்துப் போய் வந்தார்கள். மூன்று தடவையும் ஒரே சாப்பாட்டுக் கடையைத்தான் பார்த்தார்கள் என்று வான் சாரதி சொன்னார். பின்னேரம் ஜெபநேசன் ஹோட்டலுக்குத் தொலைபேசி எடுத்து அறை சொல்லிவிட்டார். சூட்கேசுகள் விறாந்தைக்கு வந்தன.

அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கரோல் ஊர்வலம் சேர்ச் ஒழுங்கைக்குள் திரும்பியது. எங்கள் பக்கத்தில் கரோலுக்கு ஒரு முறை உண்டு. பாட்டுக் குழு வந்தால் வீட்டார் கேக்கும் தேத்தண்ணியும் கொடுப்பார்கள். பிறகு தங்களுக்கு விருப்பமான ஒன்றைக் கேட்பார்கள். அதைப் பாடாமல் குழு படலை தாண்டக்கூடாது. தவிசாளர் இந்த முறையை இன்னும் ‘விரிவுபடுத்தி’யிருந்தார். ஒலிவாங்கியில் அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்: “பாட்டு மட்டுமெண்டில்லை. எதையும் கேளுங்கோ. நத்தார் தாத்தா தருவார்.” நான் அதை முகநூலில் நேரலையாக ஒளிபரப்பிக்கொண்டிருந்தேன்.

பியாட்றிஸ் ரீச்சர் கேக் தட்டோடு படலையில் நின்றார்.

“சொல்லுங்கோ ரீச்சர், உங்கடை விருப்பம் என்ன?”

ரீச்சர் ஒருமுறை திரும்பி விறாந்தைச் சூட்கேசுகளைப் பார்த்தார். “பாட்டு வேண்டாம். அந்தக் குழாயைக் கொஞ்சம் வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டு வாங்கோ.”

தவிசாளர் தாடியை விலக்கிக்கொண்டு குனிந்தார். “ரீச்சர், லைவ் போகுது.”

“தெரியும். அதுதான் இப்ப கேக்கிறன்.”

விறாந்தையிலிருந்து ஜெபநேசன் எழுந்து வந்தார். “உதுக்குள்ளை உண்மையா உறிஞ்சிற பம் இருக்கோ, தம்பி?”

“இருக்குது, அண்ணை,” என்றார் றோய். “போட்டுப் பாக்கத்தான் ஒருத்தரும் விடேல்லை.”

நேரலை பார்ப்போர் தொகை ஏறிக்கொண்டே போனது. தவிசாளர் என் கைத்தொலைபேசியைப் பார்த்தார். “நகரசபை மக்களுக்காகவே,” என்று தொடங்கினார். அந்த வசனம் முடிவதற்குள் றோய் இறங்கிச் சரிகைத் தாளை உரித்துவிட்டார்.

மலக்குழியின் சிலாப் மூடியைத் தூக்கினார்கள். பம் உறுமியது. பாட்டுக் குழு எங்கே பார்ப்பது என்று தெரியாமல், சத்தத்துக்கு மேலால் கேட்கவேண்டுமென்று உரத்துப் பாடியது. மான்கள் இரண்டும் நடுங்கின. ஒன்றின் தலை கழன்று விழுந்தது. இறங்குகிற ஏணி பம்மின் பக்கம் இருந்ததால் நத்தார் தாத்தா உச்சிக் கதிரையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு ஆசீர்வதித்தார். அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஜெபநேசன் சூட்கேசுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரீச்சரின் கண் கலங்கியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மணத்தால்தான் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்.

அடுத்த வீட்டுக்காரரும் பாட்டு வேண்டாம் என்றார். அதற்கடுத்த வீடும் அப்படியே. நேரலையில் சொன்ன வாக்கைத் திரும்பப் பெற வழியில்லை. தாங்கியைக் கொண்டுபோய் வெறுமையாக்கி வருவதும் உறிஞ்சுவதுமாக றோய் நத்தாருக்கு முதல்நாள் மத்தியானம் வரை பதினொரு வீடு முடித்தார். ஜெபநேசன் குடும்பம் ஆங்கில வருடப் பிறப்பு வரை அந்த வீட்டிலேயே நின்றது. போகும்போது அடுத்த நத்தாருக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது.

இவ்வளவு பெரிய ஒழுங்கீனத்தைச் சபை சும்மா விடுமா? முகநூலில் சிரித்த முகங்கள் மட்டும் நாலாயிரத்தைத் தாண்டியிருந்தன. அவசரக் கூட்டம் கூடியது. றோயிடம் விளக்கம் கோரும் கடிதத்தை நானே எழுதினேன்: ‘நத்தார் அலங்காரத்துக்கென ஒதுக்கப்பட்ட வாகனத்தை மலக்குழி இறைக்கப் பயன்படுத்தி, மான்களுக்கும் சேதம் விளைவித்தமை.’

றோய் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “இதுக்கு என்னண்டு மறுமொழி எழுதுறது, அண்ணை?”

“நடந்ததை எழுதும்.”

அவர் யோசித்து ஒரு வரி எழுதித் தந்தார்: ‘அதைக் கலி பவுசர் என்று நினைத்துவிட்டேன். மன்னிக்கவும்.’

சபை பெருந்தன்மையோடு மன்னித்தது. றோய் இப்போது பூங்காவில் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறார். பவுசரைக் கழுவி, மஞ்சள் துணி சுற்றி, இரு பக்கமும் கரும்பு கட்டி, பொங்கல் பானையாக நிறுத்தியிருக்கிறோம். சாவி தவிசாளரின் மேசை இலாச்சியில் பத்திரமாக இருக்கிறது. வேறு ஒழுங்கைகளிலிருந்து வந்த இருபத்தாறு விண்ணப்பங்களுக்கும் ‘முன்னுரிமை’ முத்திரை குத்தி முடித்துவிட்டேன்.

இந்தக் கிழமை அறிக்கையின் கடைசி வரியைத் தவிசாளர் மிகவும் பாராட்டினார். அது இதுதான்: ‘சேர்ச் ஒழுங்கையில் நடந்ததைப் போன்ற தவறு இனி ஒருபோதும் நடக்காது என்று நகரசபை பொதுமக்களுக்கு உறுதியளிக்கிறது.’