அறுபதுக்கு அறுபது

பெண்ணின் மனத்தை அறிய அந்தக் கல்லூரியின் உளவியல் துறை பட்ட பாட்டை வேறெந்தத் துறையும் பட்டிருக்காது. அதற்கென்றே நானூறு ஆண்களை உட்காரவைத்து, ஆளுக்கு அறுபது கேள்வி கேட்டு, 'தலைமைப் பண்பு அளவுகோல்' என்ற மகத்தான நூலை வெளியிட்டது. அட்டையில் பேராசிரியரின் பெயர் மட்டும் இருந்தது. பெயர்கள் கூடினால் வாசகர் குழம்புவார் என்ற நல்லெண்ணம்தான்.

அறுபது கேள்விகளையும் எழுதியவர் மேடம். அப்போது ஆராய்ச்சி மாணவி. இப்போது துறையின் மூத்த விரிவுரையாளர். ஆண்களோடு, இருநூறு பெண்களிடமும் அவர் தேடிப்போய் அதே கேள்விகளைக் கேட்டு வந்திருந்தார். "வரைபடம் அழகா வந்திருக்கும்மா, இதைச் சேர்த்தா கோணிக்கும்" என்று பேராசிரியர் அந்தப் பெண்களின் விடைத்தாள் கட்டைப் பரிவோடு அலமாரியில் வைத்துப் பூட்டினார். வேலை நடந்தபோது "நாம் செய்வோம்" என்றவர், முன்னுரையில் "நாங்கள் கண்டோம்" என்று எழுதி, விருது மேடையில் "நான்" என்று முடித்தார். இலக்கணம் கற்றவர்.

முப்பது வருடம் கழித்து அவர் ஓய்வுபெறும் நாள் நெருங்கியது. துறைத் தலைவர் பதவிக்கு மேடமும் பேராசிரியரின் மருமகனும் விண்ணப்பித்தார்கள். பாரபட்சம் என்ற பேச்சே எழக்கூடாதென்று, இருவருக்கும் அதே அளவுகோலை வைத்தது தேர்வுக் குழு. பதினேழாவது கேள்வியில் தான் அன்று விட்ட எழுத்துப்பிழை அப்படியே இருப்பதைப் பார்த்த மேடம், அதைத் திருத்திவிட்டு விடை எழுதினார்.

மருமகனுக்கு முப்பத்தெட்டு மதிப்பெண். மேடத்துக்கு அறுபது.

குழு கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் கவலைப்பட்டது. பிறகு பேராசிரியரையும் மருமகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேடத்தைக் கூப்பிட்டது.

"இதுவரைக்கும் யாரும் ஐம்பதைத் தாண்டினதில்ல. கேள்வியெல்லாம் முன்னாடியே தெரியுமா?" என்றார் குழுத் தலைவர்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பதவி கைக்கு வந்துவிடும். மேடத்துக்கு வாய் வரவில்லை.

"தெரியும். நான்தான் எழுதினேன்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் ஒத்தாசை பண்ணாங்க."

"ஒத்தாசை பண்ணினவளுக்கு விடை எப்படி சார் தெரியும்? அப்ப நான் சொந்தமாத்தானே அறுபது எடுத்திருக்கேன். பதவியைக் கொடுத்துடுங்க."

மருமகன் குனிந்து மாமனாரின் காதைக் கடித்தார். "மாமா, அவங்கதான் எழுதினாங்கன்னு ஒத்துக்கங்க. இல்லன்னா வேலை போச்சு."

பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார். "சரி, அவங்க எழுதினதுதான்."

"அறுபதுமா?" என்றார் மேடம்.

"அறுபதும்."

"அப்ப இது முறைகேடு" என்றார் குழுத் தலைவர் நிம்மதியாக.

"அதை அப்படியே எழுத்துல கொடுங்க" என்றார் மேடம்.

மறுநாள் முத்திரையோடு வந்தது: 'மேற்படி நூலின் வினாக்கள் அனைத்தையும் விண்ணப்பதாரர் தாமே இயற்றினார் என்பது ஐயமற நிரூபணமானதால், அன்னார் தகுதிநீக்கம் செய்யப்படுகிறார்.' கீழே, சாட்சியாகப் பேராசிரியரின் கையெழுத்து.

நாற்காலியில் மருமகன் உட்கார்ந்தார். மேடம் அந்தக் கடிதத்தின் பிரதியை நூலின் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டு, முப்பது வருடத்தில் முதல்முறையாக அரைநாள் விடுப்பு எடுத்து வீட்டுக்குப் போய்த் தூங்கினார்.

ஒரு பெண் செய்த வேலையை அந்தப் பெண்ணே செய்ததாக ஒப்புக்கொண்ட பெருமை இப்படித்தான் அந்தத் துறைக்குக் கிடைத்தது. அதற்கு அந்த வேலை குற்றமாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.